ஓவர்கிளாக் செய்த சிஸ்டம் எப்போது விழுகிறது? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

ஓவர்கிளாக் என்றால் ப்ராசஸர் சிப்பைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டுவது. 1998-இல் இன்டெல் செலரான் 300ஏ வாங்கியவர்கள், பஸ் வேகத்தை (போர்டு சிப்புக்குக் கொடுக்கும் அடிப்படைத் துடிப்பு) 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பை 450-இல் ஓட்டினார்கள். கையைவிட்டுக் காசு போகாமல் ஐம்பது சதவீதம் லாபம். 2011-இல் வந்த கோர் ஐ5-2500கே கூட 3.3 ஜிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5 வரை சாதாரண ஏர் கூலரிலேயே ஏறியது. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய சிப்பில் கைவைத்தால் ஏமாற்றம்தான். அன்று நமக்காக மிச்சம் இருந்த வேகத்தை இன்று கம்பெனியே எடுத்துப் பயன்படுத்திவிடுகிறது. கோர் ஐ9-14900கே தானாகவே 6.0 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகிறது. ரைசன் 7000 வரிசையின் பெரிய சிப்கள் 95 டிகிரி வரும்வரை தாமாகவே ஏறிக்கொண்டு போகும்படி வடிவமைக்கப்பட்டவை.

அப்படியானால் என்ன கிடைக்கும்? 2021 நவம்பரில் வந்த கோர் ஐ5-12600கே-வை எடுத்துக்கொள்வோம். எல்லாப் பி-கோர்களும் (கனமான வேலைக்கான வேகக் கோர்கள்) சேர்ந்து உழைக்கும்போது அதன் ஸ்டாக் வேகம், அதாவது கம்பெனி வைத்த வேகம், 4.5 ஜிகாஹெர்ட்ஸ், ஓரிரு கோர் மட்டும் ஓடினால் 4.9. நல்ல கூலரும் ஓவர்கிளாக்குக்கு இடம் தரும் இசட்690 மதர்போர்டும் இருந்தால் எல்லாப் பி-கோர்களையும் 5.0 அல்லது 5.1-இல் நிறுத்தலாம். வீடியோ ரெண்டரிங், கம்பைலிங் போல எல்லாக் கோர்களையும் பிழியும் வேலையில் 10 சதவீதத்தை ஒட்டிய லாபம் வரும். ஒற்றைக் கோர் வேலையில் 2 முதல் 4 சதவீதம். கிராபிக்ஸ் கார்டு முழுமூச்சில் ஓடும் கேமில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இத்தனைக்கும் இது தாராளமான சிப். எல்லாக் கோரும் 5.5-இல் ஓடும் ஐ9-13900கே-வில் இன்னும் 100, 200 மெகாஹெர்ட்ஸ் எடுப்பதற்குள் கூலர் மூச்சு வாங்கிவிடும்.

விலை என்ன என்பதையும் பார்த்துவிடுங்கள். சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் ஏறும். 1.20 வோல்ட்டில் 4.9 ஓடும் சிப்பை 5.2-க்குக் கொண்டுபோக 1.35 வோல்ட் தேவைப்படுகிறது என்று வையுங்கள். வேகம் 6 சதவீதம் கூடியது. மின்சாரம் 34 சதவீதம் கூடியது. 150 வாட் இழுத்த சிப் இப்போது 200 வாட் இழுக்கிறது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்குமேல் இந்த ஒரு கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

தொடங்கும் முன்

பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பையும் அணைத்துவிடுங்கள். ராம் கோளாறும் சிப் கோளாறும் ஒரே மாதிரி நீலத்திரையில் முடிவதால், இரண்டையும் ஒன்றாக ஏற்றிவிட்டால் எது விழுகிறது என்று கடைசிவரை தெரியாது. பிறகு சிப்பின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23-இல் மல்டிகோர் டெஸ்ட்டைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பக்கத்தில் சென்சார் எண்களைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்துவைத்து ஸ்கோர், அதிகபட்ச வெப்பம், பேக்கேஜ் பவர் (சிப் இழுக்கும் வாட்), எஃபெக்டிவ் கிளாக் (உண்மையில் வேலை நடக்கும் வேகம்), லோடில் நிற்கும் விகோர் (கோர்களுக்குப் போகும் வோல்டேஜ்) ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அறையின் வெப்பநிலையையும் எழுதுங்கள். அது ஏன் என்று பின்னால் வரும். இந்தத் தாள் இல்லாமல் ஓவர்கிளாக் செய்தால், லாபமா நட்டமா என்றே சொல்ல முடியாது.

முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். நிலையில்லாத சிப், நீலத்திரை காட்டாமலே தப்பான எண்ணை டிஸ்க்கில் எழுதக்கூடும். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். சிப்பின் வேகம் என்பது பேஸ் கிளாக்கை மல்டிப்ளையரால் பெருக்கி வருவது. மல்டிப்ளையரை மட்டும் மாற்றி, பேஸ் கிளாக்கை 100 மெகாஹெர்ட்ஸிலேயே விடுங்கள். அதை நகர்த்தினால் ராம் வேகமும் சேர்ந்து நகரும். பல போர்டுகளில் பிசிஐ ஸ்லாட், எஸ்எஸ்டி வரை பாதிக்கும்.

மல்டிப்ளையரை மாற்ற இடமே இல்லை, மாற்றினாலும் ஏறவில்லை

இது கோளாறே அல்ல, பூட்டு. இன்டெல்லில் பெயரின் முடிவில் கே, கேஎஃப், கேஎஸ் உள்ள சிப் வேண்டும். போர்டு இசட் வரிசையாக இருக்க வேண்டும். பி660, பி760 போர்டுகளில் ராமை ஏற்றலாம், சிப்பின் மல்டிப்ளையரை ஏற்ற முடியாது. ஏஎம்டியில் பெரும்பாலான ரைசன் சிப்கள் திறந்தவை. பி550, எக்ஸ்570, பி650, எக்ஸ்670 போர்டுகள் இடம் கொடுக்கும், ஏ520 கொடுக்காது. எக்ஸ்3டி சிப்கள் தனி ரகம்: 5800எக்ஸ்3டி பூட்டியது, 7800எக்ஸ்3டி-யில் கர்வ் ஆப்டிமைசர் (கோருக்குக் கோர் வோல்டேஜை வெட்டும் அமைப்பு) மட்டும் கிடைக்கும், 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி முழுமையாகத் திறந்தது. பூட்டிய சிப்புக்காகப் புதுப் போர்டு வாங்குவதைவிட அந்தக் காசை அடுத்த சிப்புக்குச் சேர்ப்பது நல்லது.

பவர் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை

முதலில் பொறுமை. டிடிஆர்5 ராம் உள்ள ஏஎம்5 போர்டில் (ரைசன் 7000 முதலான சிப்களுக்கானது) எக்ஸ்போவை முதல்முறை போட்டாலோ பயாஸை அப்டேட் செய்தாலோ ராம் ட்ரெய்னிங் (போர்டு ராமைச் சோதித்துப் பொருத்திக்கொள்வது) சில நிமிடம் ஓடும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். நடுவில் பவர் பட்டனை அமுக்கினால் மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிடம் விடுங்கள்.

அப்போதும் வராவிட்டால் போர்டின் ஓரத்தில் உள்ள சிறு விளக்குகளைப் பாருங்கள். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு இருக்கும். டிராம் விளக்கு நின்று எரிந்தால் ராம் வேகத்தை ஏற்றியதுதான் காரணம். சிபியு விளக்கு எரிந்தால் மல்டிப்ளையரோ வோல்டேஜோ. பல போர்டுகள் இரண்டு மூன்று முறை தானாகவே முயன்று, முடியாவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கும் சிமாஸைத் துடைக்க வேண்டியதுதான்: எஸ்எம்பிஎஸ்ஸின் (பவர் சப்ளை) பின்பக்க ஸ்விட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, கேபினட்டின் பவர் பட்டனை ஒருமுறை அமுக்கி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். போர்டில் கிளியர் சிமாஸ் என்று குறித்த இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் பத்து விநாடி தொடுங்கள். பின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு மாட்டுங்கள். டிஃபால்ட்டில் எழுந்ததும், விழுந்த அமைப்பையே மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். 200 மெகாஹெர்ட்ஸ் குறைத்துத் தொடங்குங்கள்.

லோடு கொடுத்த முதல் நிமிடத்திலேயே விழுகிறது

விண்டோஸ் லோகோவில் தொங்குகிறது, அல்லது சினிபெஞ்ச் தொடங்கிய சில விநாடியில் நீலத்திரை. வெப்பம் ஏற நேரமே கிடைக்கவில்லை என்பதால் சந்தேகம் நேராக வோல்டேஜ்மேல் போக வேண்டும். நீலத்திரையில் 'கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்' என்று வந்தால், அதாவது குறியீடு 101, ஒரு கோர் உரிய நேரத்தில் பதில் சொல்லவில்லை என்று பொருள். பெரும்பாலும் விகோர் போதவில்லை. 'டபிள்யூஎச்இஏ அன்கரெக்டபிள் எரர்', குறியீடு 124 என்றால் விகோராகவும் இருக்கலாம், கேஷ் அல்லது ரிங் (கோர்களையும் கேஷையும் இணைக்கும் பாதை) வேகமாகவும் இருக்கலாம். 12-ஆம் தலைமுறை இன்டெல்லில் இ-கோர்கள் (சிக்கனமான சிறு கோர்கள்) வேலையில் இருக்கும்போது ரிங் வேகம் தானாகக் கீழே இறங்கும். அதைக் கையால் மேலே பூட்டிவைத்தவர்களுக்கு 124 அடிக்கடி வரும். ரிங்கை ஆட்டோவில் விடுங்கள். அதில் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம்.

பயாஸில் 1.30 வோல்ட் என்று போட்டும் விழுகிறது என்பவர்கள் லோடில் நிற்கும் விகோரைப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது 1.30, லோடு வந்ததும் 1.22 என்று இறங்கியிருக்கும். சிப்புக்குக் கிடைத்தது அந்த 1.22-தான். இந்த இறக்கம் பழுதல்ல, வேண்டுமென்றே வைத்தது: லோடு சட்டென்று விலகும்போது வோல்டேஜ் ஒரு கணம் மேலே துள்ளும், அந்தத் துள்ளலுக்கான இடம் அது. இறக்கத்தைக் குறைக்கும் அமைப்பு லோட்லைன் கேலிபரேஷன். ஏசூஸ் போர்டுகளில் எண் பெரிதாக ஆக இறக்கம் குறையும். ஏஎஸ்ராக், எம்எஸ்ஐ போர்டுகளில் நேர்மாறாக 1 என்பதே மிக இறுக்கமானது. ஒரு போர்டுக்குச் சொன்ன 'லெவல் 1'-ஐ இன்னொரு போர்டில் அப்படியே போட்டுச் சிப்புக்குத் தேவையில்லாத வோல்டேஜைக் கொடுத்தவர்கள் நிறைய. எந்தப் போர்டானாலும் நடுவில் உள்ள நிலையைத் தேர்ந்தெடுத்து, லோடில் எண் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மிக இறுக்கமான நிலை வேண்டவே வேண்டாம்.

ஏற்றும் முறை இதுதான். 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டுங்கள், பத்து நிமிடம் சினிபெஞ்ச் ஓட்டுங்கள். விழுந்தால் 0.02 வோல்ட் கூட்டி மறுபடி ஓட்டுங்கள். அடுத்த 100 மெகாஹெர்ட்ஸுக்கு 0.05 வோல்ட்டுக்குமேல் கேட்கிறதா? அங்கேதான் உங்கள் சிப்பின் சுவர் இருக்கிறது. அதே பெட்டியில் வந்த இன்னொரு சிப் 100 கூடுதலாக ஏறலாம், 100 குறைவாகவும் நிற்கலாம். அது சிலிக்கானின் ராசி, உங்கள் திறமைக்குறைவல்ல. ஒரு படி இறங்கி நில்லுங்கள். 12-ஆம் தலைமுறையில் லோடில் 1.35 வோல்ட்டுக்குமேல் தினசரி ஓட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ரைசன் 5000-இல் எல்லாக் கோருக்கும் நிலையான வோல்டேஜ் போடுவதானால் 1.25-ஐ ஒட்டி நிறுத்துங்கள்.

சினிபெஞ்ச் தாங்குகிறது, பிரைம்95 என்ற கடும் சோதனை மென்பொருளின் ஸ்மால் எஃப்எஃப்டி டெஸ்ட் மட்டும் விழுகிறது என்றால் ஏவிஎக்ஸ் என்ற கனமான கணக்குக் கட்டளைகள் இழுக்கும் கூடுதல் மின்சாரம்தான் காரணம். சில சமயம் நீலத்திரைகூட வராது. பிரைம்95 ஓட்டும் எட்டு 'வொர்க்கர்' வேலையாட்களில் ஒருவர் மட்டும் 'ரவுண்டிங் வாஸ் 0.5, எக்ஸ்பெக்டட் லெஸ் தேன் 0.4' என்று எழுதிவிட்டு நின்றுவிடுவார், மற்றவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். திரை போகவில்லை, சிஸ்டம் விழவில்லை, ஆனால் ஒரு கோர் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டது. இதைப் 'பாஸ்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏவிஎக்ஸ் ஆஃப்செட்டை 1 அல்லது 2 என்று வைத்தால் அந்த வேலைக்கு மட்டும் 100, 200 மெகாஹெர்ட்ஸ் இறங்கிக்கொள்ளும்.

பதினைந்து, இருபது நிமிடம் கழித்து விழுகிறது

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் விழுந்தால் வெப்பத்தைத் துரத்துங்கள். தண்ணீர்க் கூலர் வைத்தவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள்: உள்ளே இருக்கும் திரவம் முழுதாகச் சூடேற இருபது நிமிடம்கூட ஆகும் என்பதால் பத்து நிமிட டெஸ்ட் அவர்களுக்குப் போதாது. அரைமணி நேரம் ஓட்டுங்கள்.

12 முதல் 14-ஆம் தலைமுறை இன்டெல் சிப்களின் உச்சவரம்பு 100 டிகிரி, ரைசன் 7000-க்கு 95, அதிலேயே எக்ஸ்3டி-களுக்கு 89. வரம்பைத் தொட்டால் சிப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் 90-ஐத் தாண்டும்போதே, 70 டிகிரியில் போதுமாக இருந்த வோல்டேஜ் போதாமல் போகும். சூடான சிப்புக்கு அதே வேகத்தில் ஓடக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். கூடுதல் வோல்டேஜ் இன்னும் சூடேற்றும். இந்த வட்டத்தில் மாட்டியவர்கள் வோல்டேஜைக் கூட்டக் கூட்ட நிலைமை மோசமாவதைப் பார்ப்பார்கள். இங்கே வோல்டேஜைக் குறைத்து, 100 மெகாஹெர்ட்ஸையும் குறைப்பதே மருந்து.

கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்து அதே டெஸ்ட்டை ஓட்டுங்கள். ஐந்து டிகிரிக்குமேல் இறங்கினால் கூலரில் தப்பில்லை, காற்றோட்டத்தில்தான். லோடு கொடுத்த இரண்டு மூன்று விநாடியிலேயே 100-க்குத் தாவினால் கதை வேறு: கூலர் சரியாக உட்காரவில்லை, பம்ப் சுற்றவில்லை, அல்லது கூலரின் அடியில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிவிட்டார்கள். இந்தக் கடைசிக் காரணம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. பம்ப் வயரை ஃபேன் பின்னில் செருகியிருந்தால், அந்தப் பின்னின் வேகத்தைப் பயாஸில் நூறு சதவீதத்தில் பூட்டுங்கள். எல்ஜிஏ1700 சாக்கெட்டின் பிடி நீளமான சிப்பை நடுவில் லேசாக வளைக்கும். கான்டாக்ட் ஃபிரேம் மாட்டினால் சில டிகிரி குறையலாம்.

சிப் 80-இல் நிற்கிறது, ஆனாலும் இருபது நிமிடத்தில் வேகம் பாதியாகிறது என்றால் சிப்புக்கு வோல்டேஜ் கொடுக்கும் பகுதியான போர்டின் விஆர்எம் வெப்பத்தைப் பாருங்கள். விலை குறைந்த போர்டில் 12, 16 கோர் சிப்பை ஏற்றி ஓட்டுபவர்களுக்கு இது வரும். தண்ணீர்க் கூலர் மாட்டியபின் சாக்கெட்டைச் சுற்றிக் காற்றே வீசுவதில்லை என்பதும் ஒரு காரணம். அந்த இடத்துக்கு ஒரு ஃபேனைத் திருப்பிவிட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

அறை வெப்பநிலையைக் குறிக்கச் சொன்னது இதற்குத்தான். கூலரால் சிப்பை அறைக் காற்றைவிடக் குளிர்விக்க முடியாது. அறை 12 டிகிரி ஏறினால் சிப்பும் அதே வாட்டில் ஏறக்குறைய 12 டிகிரி ஏறும். ஏசி போட்ட 24 டிகிரி அறையில் 85-இல் நின்ற அமைப்பு, சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் 97-க்குப் போகும். மார்கழியில் பாஸான அமைப்பைக் கோடையில் நம்பக் கூடாது. வெளிநாட்டு டெஸ்ட் முடிவுகளில் பெரும்பாலானவை 20 டிகிரியை ஒட்டிய அறையில் எடுத்தவை. அந்த எண்களை அப்படியே இங்கே எதிர்பார்த்தால் கூலர்மேல் வீண்பழி விழும்.

விழவில்லை, ஆனால் ஸ்கோர் ஏறவில்லை; சில சமயம் குறைகிறது

மிக அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி இது. டாஸ்க் மேனேஜரில் 5.1 என்று தெரிகிறது, ஸ்கோரோ ஸ்டாக்கைவிடக் கீழே. நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது பவர் லிமிட். 12600கே-வுக்கு இன்டெல் வைத்த உச்சம் 150 வாட், 12700கே-வுக்கு 190, 13900கே-வுக்கு 253. ரைசனில் பெட்டியில் 105 வாட் என்று போட்ட சிப்புக்கு உண்மையான பிபிடி (சாக்கெட் வழியாக இழுக்கும் மொத்த மின்சாரம்) வரம்பு 142 வாட். 170 வாட் என்றால் 230. எச்டபிள்யூஇன்ஃபோவில் பேக்கேஜ் பவர் இந்த எண்ணில் ஆணியடித்ததுபோல் நின்றால், மல்டிப்ளையரை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. முதல் ரன்னில் ஸ்கோர் நன்றாக வந்து, ஒரு நிமிடத்துக்குப்பின் இறங்குகிறதா? குறுகிய நேர வரம்பு 56 விநாடியில் முடிந்து நீண்ட நேர வரம்புக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கூலர் தாங்குமானால் மட்டும் வரம்பை உயர்த்துங்கள்.

இரண்டாவது, வோல்டேஜ் குறைந்ததால் வரும் மறைமுகத் தளர்ச்சி. ரைசனில் வோல்டேஜைக் குறைத்துக்கொண்டே போனால் சிப் விழாமல், கிளாக் துடிப்புகளை நீட்டிக்கொள்ளும். மேலே காட்டும் எண் அப்படியே இருக்கும், வேலை மெதுவாகும். அதனால்தான் எஃபெக்டிவ் கிளாக்கைக் குறிக்கச் சொன்னோம். முழு லோடில் காட்டும் கிளாக் 4.6, எஃபெக்டிவ் 4.3 என்றால் அந்த 300 மெகாஹெர்ட்ஸ் திரையில் மட்டும்தான் இருக்கிறது. இன்டெல் 12-ஆம் தலைமுறை முதல் சிஇபி என்ற பாதுகாப்பும் இதே வேலையைச் செய்யும்: எதிர்பார்த்ததைவிட வோல்டேஜ் கீழே போனால் சிப்பின் கையைக் கட்டிவிடும். வெப்பம் அருமையாகக் குறைந்துவிட்டது என்று மகிழும்போது ஸ்கோரையும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, ரைசனில் எல்லாக் கோருக்கும் ஒரே வேகம் பூட்டியது. 5900எக்ஸ்-இன் ஒற்றைக் கோர் வேகம் பெட்டியில் போட்டபடியே 4.8. எல்லாக் கோரையும் 4.5-இல் பூட்டினால் ரெண்டரிங்கில் கொஞ்சம் ஏறலாம். பிரவுசர், ஆபீஸ், பல கேம்கள் எல்லாம் 300 மெகாஹெர்ட்ஸ் இழக்கும். ரைசன் 5000-க்குப்பின் இப்படிப் பூட்டுவதற்கு நல்ல காரணம் எங்களுக்குத் தென்படவில்லை. பிபிஓவும் (சிப் தானே ஏறும் வரம்பைத் தளர்த்தும் அமைப்பு) கர்வ் ஆப்டிமைசரும்தான் வழி.

நான்காவது வெப்ப வரம்பு. அதை மேலேயே பார்த்தோம்.

லோடில் தாங்குகிறது, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகிறது

இரவு முழுக்கப் பிரைம்95 ஓடியது, காலையில் பிரவுசரைத் திறந்ததும் ரீஸ்டார்ட். கர்வ் ஆப்டிமைசரில் அளவுக்குமீறி மைனஸ் போட்டதன் அச்சு அசல் அடையாளம் இது. எல்லாக் கோரும் ஓடும்போது வேகம் 4.4, 4.5 என்று கீழே இருக்கும், அந்த வேகத்துக்கு வோல்டேஜ் போதும். லேசான வேலையில் ஒரே கோர் 4.9-க்குத் தாவும்போதுதான் வெட்டிய வோல்டேஜ் கண்ணுக்குத் தெரியும். கர்வ் ஆப்டிமைசரின் ஒவ்வோர் எண்ணும் ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் 30 என்பது ஏறத்தாழ 0.1 வோல்ட்டை வெட்டுவது.

எந்தக் கோர் என்று விண்டோஸே சொல்லும். ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் டபிள்யூஎச்இஏ-லாகர் பதிவைத் தேடுங்கள். ஐடி 18, 'கேஷ் ஹயரார்க்கி எரர்' என்று இருக்கும். கீழே 'ப்ராசஸர் ஏபிஐசி ஐடி' என்று ஓர் எண். ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் என்பதால் எட்டுக் கோர் சிப்பில் அந்த எண்ணை இரண்டால் வகுத்தால் கோர் எண் வரும்: 10 அல்லது 11 என்றால் கோர் 5. எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும், மறக்க வேண்டாம். அந்தக் கோருக்கு மட்டும் மைனஸை 5 குறைத்து, கோர்சைக்ளர் கருவியை ஓட்டுங்கள். அது ஒவ்வொரு கோரையும் தனித்தனியாக உச்ச வேகத்தில் சோதிக்கும். எல்லாக் கோரும் முடிய ஓர் இரவு ஆகும், ஆகட்டும். வழக்கமாக விழுபவை சிப் தானே 'சிறந்தவை' என்று குறித்த இரண்டு கோர்கள்தான். அதிக வேகத்துக்குத் துரத்தப்படுபவை அவைதான், அவற்றில் வெட்ட மிச்சம் குறைவு. எல்லாக் கோருக்கும் மைனஸ் 10-இல் தொடங்கி, இந்த இரண்டை அங்கேயே விட்டு, மற்றவற்றை 15, 20 என்று நகர்த்துவது நிதானமான வழி. மைனஸ் 30-ஐ எல்லாக் கோரிலும் தாங்கும் சிப் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதை எதிர்பார்த்துத் தொடங்காதீர்கள்.

ஐடி 19 என்று 'கரெக்டட்' பதிவுகள் குவிந்து, அதில் 'பஸ்/இன்டர்கனெக்ட்' என்று இருந்தால் கோர்கள்மேல் பழி போடாதீர்கள். கோர்களையும் ராம் பகுதியையும் இணைக்கும் பாதையின் வேகம், அதாவது எஃப்சிஎல்கே, அதிகம். ரைசன் 5000-இல் 1800-க்குக் கொண்டுவந்து, டிடிஆர்4-3600 ராமோடு பொருத்துங்கள்.

இன்டெல்லில் இதே அறிகுறி வந்தால் வோல்டேஜை எல்லா வேகத்திலும் ஒரே அளவு வெட்டும் மைனஸ் ஆஃப்செட்டைப் பாருங்கள். அதிக வேகத்தில் தாங்கிய மைனஸ் 0.100 வோல்ட், கீழே குறைந்த வேகத்தில் ஏற்கெனவே 0.7 வோல்ட்டில் இருக்கும் சிப்புக்கு அதிகப்படி.

டெஸ்ட் எல்லாம் பாஸ், கேமில் மட்டும் டெஸ்க்டாப்புக்கு வந்துவிடுகிறது

கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்திருந்தால் முதலில் அதை ஸ்டாக்குக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து எக்ஸ்எம்பியை அணைத்து இரண்டு நாள் விளையாடுங்கள். கோளாறு போய்விட்டால் ராம்தான். மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்று ஓட்டுங்கள், ஒரு பிழைகூட வரக் கூடாது. ஏஎம்5-இல் இரண்டு ஸ்டிக்கோடு 6000 எளிதாக நிற்கும். நான்கு ஸ்டிக் செருகிவிட்டு அதே வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். எக்ஸ்போ போட்டபின் எஸ்ஓசி வோல்டேஜ் (சிப்பில் ராமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போவது) 1.30-ஐத் தாண்டவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி சிப்கள் சில சாக்கெட்டிலேயே கருகியபின் ஏஎம்டி வைத்த வரம்பு அது; பழைய பயாஸில் அந்தப் பாதுகாப்பு இருக்காது.

பெரிய ஜிப் ஃபைலை விரிக்கும்போது சிஆர்சி பிழை வருவது, கேம் அப்டேட் அடிக்கடி 'ஃபைல் கரப்ட்' என்பது, இவையும் இதே குடும்பம்.

கேம் விழவில்லை, ஆனால் எஃப்பிஎஸ் கூடவே இல்லை என்பவர்கள் கிராபிக்ஸ் கார்டு பயன்பாட்டைப் பாருங்கள். 97, 98 சதவீதம் என்றால் சிப் ஏற்கெனவே காத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதை இன்னும் வேகமாக்கினால் இன்னும் வேகமாகக் காத்திருக்கும்.

நீலத்திரையும் இல்லை, மொத்தமாக அணைந்துவிடுகிறது

ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' மட்டும் இருக்கும்; அது மின்சாரம் போனதைச் சொல்லுமே தவிரக் காரணத்தைச் சொல்லாது. யுபிஎஸ் வழியாக ஓட்டுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட்தான். ஓவர்கிளாக் செய்த சிப் 200, கிராபிக்ஸ் கார்டு 200 என்று இழுத்தால் அது கத்திவிட்டு வெட்டிவிடும். நேராகச் சுவர் பிளக்கில் செருகி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ். போர்டின் மேல்மூலையில் உள்ள 8 பின் சிபியு இணைப்பில் நான்கு பின் மட்டும் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டாக்கில் ஓடிக்கொண்டிருக்கும், ஏற்றியதும் அந்தக் கனெக்டர் சூடாகும்.

மாதக்கணக்கில் நின்ற அமைப்பு இப்போது நிற்கவில்லை

தூசி, காய்ந்த பேஸ்ட், புது பயாஸ் மாற்றிய அமைப்புகள் ஆகியவற்றை முதலில் விலக்குங்கள். பயாஸ் அப்டேட் செய்தால் லோட்லைன், ஆட்டோ வோல்டேஜ் எல்லாம் மாறக்கூடும். பழைய எண்களை மட்டும் மறுபடி அடித்தால் பழைய அமைப்பு திரும்பி வராது. இவை எதுவும் இல்லை, முன்பு 1.28-இல் நின்றது இப்போது 1.32 கேட்கிறது என்றால் சிப் தேய்ந்திருக்கிறது. அதிக வோல்டேஜும் வெப்பமும் சேர்ந்தால் இது நடக்கும். வோல்டேஜைக் கூட்டி ஈடுகட்டினால் தேய்மானம் விரைவுபடும். 100, 200 மெகாஹெர்ட்ஸ் இறக்குவதுதான் செய்யத்தக்கது.

13, 14-ஆம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அன்ரியல் எஞ்ஜின் கேம்கள் ஷேடர் (கிராபிக்ஸுக்கான சிறு நிரல்கள்) தயாரிக்கும்போது 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று விழுந்தால், கிராபிக்ஸ் கார்டில் மெமரி தாராளமாக இருந்தாலும், சந்தேகம் சிப்மேல்தான். ஓவர்கிளாக்கே செய்யாத சிப்களிலும், தேவைக்கு மேலான வோல்டேஜ் கேட்டதால் இந்தத் தேய்மானம் வந்தது. 2024 ஆகஸ்டில் 129 என்ற மைக்ரோகோடையும் (பயாஸ் வழியாக வரும் சிப்பின் உள் நிரல்) செப்டம்பரில் 12பி-யையும் இன்டெல் வெளியிட்டது, முதலாவது 1.55 வோல்ட்டுக்கு மேல் சிப் கேட்பதைத் தடுக்கிறது. இவை இனி வரும் தேய்மானத்தைத் தடுக்கும், நடந்துவிட்டதைத் திருப்பாது. பயாஸைப் புதுப்பித்து, எல்லாவற்றையும் டிஃபால்ட்டில் வைத்து, அப்போதும் விழுந்தால் சிப்பை மாற்றிக் கேளுங்கள். பெட்டியோடு வாங்கிய பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இன்டெல் இரண்டு ஆண்டு நீட்டி ஐந்தாக்கியிருக்கிறது. கேட்கும்போது பில், சிப்பின் மேல் உள்ள பேட்ச் எண், டிஃபால்ட் அமைப்பில் விழுந்ததைக் காட்டும் படம் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.